அடுத்த ஆள் இல்லாத அறை

எனக்குத் தன்னடக்கம் கிடையாது. இருப்பதுபோல் நடிக்கவும் வராது. எங்கள் கிராண்டே ஊரில் மருந்துக் கடை என்றால் சினானன் கடை, சினானன் கடை என்றால் லிஸ்ட்ரா குவமீனா, அதாவது நான். டோக்கோவிலிருந்தும் மன்சனியாவிலிருந்தும் மேக்ஸி வேன் பிடித்து வருகிறவர்கள், முதலாளி சினானன் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அவரைத் தாண்டி வந்து என் வரிசையில்தான் நிற்பார்கள். பார்மசிஸ்ட் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, டாக்டரம்மாதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் முழுக்கக் காத்துக்கிடக்க வேண்டும், என்னிடம் வந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு.

அவர்களில் பாதிப் பேருக்குத் தன் வியாதியைத் தன்னுடையது என்று சொல்ல வாய் வராது. "என் சிநேகிதன் ஒருத்தனுக்கு" என்று ஆரம்பிப்பார்கள். சிநேகிதனுக்கு அரிப்பு, சிநேகிதனுக்கு எரிச்சல் என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தைத் தானே சொறிந்துகொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? முதுகுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி, மாதாகோவில் பாட்டுக்காரர், பிள்ளையின் வாத்தியார் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். நானும் அந்த இல்லாத சிநேகிதனுக்கு மருந்தைக் கட்டிக் கொடுத்து, சாப்பிடும் விதத்தைச் சொல்லி, தலையை நீட்டி "அடுத்து யாரு?" என்பேன். பத்து வருஷமாக இதே பல்லவிதான்.

திடீரென்று ஒரு நாள் ஞானம் பிறந்து மருத்துவம் படிக்கக் கிளம்பினேன் என்று சொன்னால் பொய். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எரிச்சல் ஏறியது. மருந்து கொடுத்தவரைக்கும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்பது, காலையில் ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசிக்கும்போது பெயர் வந்தால்தான் தெரியும். பெயர் வராவிட்டால் பிழைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் தொட்டு அழுத்திப் பார்க்க வேண்டும்போல் கை பரபரக்கும். நடுவில் கவுண்டரும் கண்ணாடியும் இருக்கும். ஒரு வயதுக்கு மேல் இந்தப் பரபரப்பு அடங்கிவிடும் என்றார்கள். எனக்கு முப்பத்துமூன்று ஆனது, அடங்கவில்லை. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அம்மாவின் பெயர் யுலாலி. பள்ளிக்கூடத்துச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரிய அண்டாவில் கிளறிக் கிளறிக் கையும் குரலும் ஒரே அளவுக்கு உரமேறியவை. நானும் அவளும் மட்டும்தான் வீட்டில்.

"ஊரே உன்னை டாக்டரம்மான்னுதானேடி கூப்பிடுது. இன்னும் என்ன வேணும் உனக்கு? ரெண்டு தடவை கூப்பிடணுமா?" என்றாள்.

அவள் பயம் எனக்குத் தெரியும். வெயில் படாத வேலை, வெள்ளைக் கோட்டு, சந்தைக்குப் போனால் மீன்காரன்கூட வணக்கம் வைத்து நல்ல மீனாக எடுத்துக் கொடுப்பான். இதையெல்லாம் விட்டுவிட்டு, நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளோடு பெஞ்சில் போய் உட்காருவேன் என்கிறேன். பெற்றவளுக்குக் கசக்காதா?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த அதே வாரம் சினானன் என்னை உள்ளே கூப்பிட்டார். அவருக்கு மகள் டொராண்டோவில். பேரன் பிறந்துவிட்டான், மனைவியும் நச்சரிக்கிறாள், கடையை விட்டுவிட்டுப் போவதாக முடிவு செய்துவிட்டார். என்னைப் பங்காளியாக்கிக் கடையை என் பொறுப்பில் விட அவருக்கு ஆசை. எனக்கு வேண்டாமென்றால் தலைநகரில் நாலைந்து கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்குக் கொடுத்துவிடுவார். அந்தக் கம்பெனி தன் ஆட்களையே கொண்டுவந்து போடும் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

"படிப்பு ஆசையெல்லாம் எனக்குப் புரியுதும்மா. ஆனா சீட்டு கிடைக்குமான்னு தெரியாது. கடை கையில இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு."

நேர்முகத் தேர்வு அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. கொஞ்ச நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். கம்பெனிக்காரன் பொறுக்க மாட்டானாம்.

வியாழன் இரவுச் சாப்பாட்டில் அம்மா எனக்காக ஒரு பாடு பிரசங்கம் வைத்தாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதை என்னைப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்றாள். கடை என்கிற புருஷன் வாசலில் தட்டோடு நிற்கிறான், கல்லூரி என்கிற அரசன் என் பெயரையாவது கேட்டிருப்பானா என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் படுத்தபோது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கடையை வாங்கிவிட்டால் சாகும்வரை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை காலையில் சினானனிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவர் "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆக, சீட்டு கிடைக்காவிட்டால் எனக்குக் கடையும் இல்லை, வேலையும் இல்லை.

இருந்தாலும் செவ்வாய்க்கிழமை மேக்ஸியில் ஏறும்போது எனக்குக் கலக்கம் கொஞ்சமும் இல்லை. வழியில் அரிமாவில் இறங்கி, ரொட்டிக்குள் கடலைக் குழம்பு வைத்த டபுள்ஸ் ஒன்று வாங்கி, மிளகாய் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். கல்லூரியில் காத்திருந்த கூடத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். ஒரு பையன் என்னைப் பார்த்து எழுந்து நின்று, "மேடம், ஆரம்பிக்கப் போறீங்களா?" என்று கேட்டான். நானும் தேர்வுக்கு வந்தவள்தான் என்றதும் அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவனை உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

தேர்வு என்பது வரிசையாகச் சில அறைகள். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், எட்டு நிமிடத்தில் மறுபடி மணி அடிக்கும், அடித்ததும் வெளியே வந்து அடுத்த அறைக்கு நடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, அல்லது ஒரு வேலை. முதல் அறைகளை ஊதித் தள்ளினேன். சொன்னேனே, தன்னடக்கம் கிடையாது.

கடைசிக்கு முந்தின அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பவர் பெயர் பெலிக்ஸ், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சில வாரமாக நிறுத்திவிட்டார், அவரோடு பேசவும் என்று போட்டிருந்தது. படித்ததும் சிரிப்பே வந்துவிட்டது. பிரஷரும் சுகரும்தானே என் பிழைப்பு. மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு மேஜை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மடியில் பிளாஸ்டிக் பையோடு இருந்தார். நோயாளியாக நடிக்க வந்தவர். மூலையில் ஓர் இளம் டாக்டர் அட்டையும் பேனாவுமாக மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார்.

நான் நேராக மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், கால் தானாகப் போனது. வேடிக்கை என்னவென்றால், நான் நின்றதும் அந்த மனிதரும் எழுந்துவிட்டார். எழுந்து வந்து மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பையை நீட்டினார். எங்கள் ஊர்க்காரனிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டால் வாயைத் திறக்கும் முன்னால் பையைத்தான் நீட்டுவான். நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நிமிடத்தில் அந்த மேஜையைக் கவுண்டராக்கிவிட்டோம்.

பையைக் கொட்டினேன். அட்டைகளைப் பிரித்து வரிசையாக வைத்தேன். இரண்டு அட்டை ஒரே மருந்து, அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது ஒன்று, காசு கொடுத்து வாங்கியது இன்னொன்று. அதைக் காட்டினேன். இது காலையில், இது இரவில், இதைச் சாப்பிட்டால் உப்பு மீனைத் தொடக் கூடாது, நிறுத்தினால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும் என்று மளமளவென்று சொன்னேன். ஒன்றுகூடத் தப்பில்லை. அவரும் ஒவ்வொன்றுக்கும் "சரி டாக்டரம்மா, சரி டாக்டரம்மா" என்றார். அட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "அடுத்து யாரு?" என்றேன்.

அடுத்து யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது. சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்புக் கருவி மாட்டியிருந்தது. மூலையில் இருந்த இளம் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

என் காது சுட்டது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக ஒன்று உறைத்தது. அந்த 'சரி டாக்டரம்மா' எனக்குப் பழக்கமானது. மாத்திரையைத் தொடவே போவதில்லை என்று தீர்மானித்துவிட்டவன் சொல்கிற சரி அது. கடையில் தினமும் கேட்கிறேன். அது காதில் விழுந்ததும்தான் அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

இங்கே கூப்பிட ஆள் இல்லை.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. வயசானவரை நிக்க வெச்சுட்டேன். உக்காருங்க" என்றேன். மேஜையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பையை வாங்கிக் கீழே வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, என் வாயில் மருந்துப் பெயர்கள்தான் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். மறந்துபோச்சு என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அம்மாவைக் கேட்டால் தெரியும். அவர் தாடியைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். இதே மாத்திரைதான் அவனுக்கும். ஒரு நாள்கூட விட்டதில்ல. கடிகாரம் பாத்துச் சாப்பிடுவான். நாங்கல்லாம் கேலி பண்ணுவோம்..."

மணி அடித்தது.

விதி எனக்குத் தெரியும். காலையிலேயே எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்கள். மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும், அடுத்த அறையில் இழந்த நேரம் இழந்ததுதான். கதவுக்கு வெளியே அடுத்த பிள்ளை வந்து நிற்கும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

"...கேலி பண்ணினவங்க எல்லாம் உயிரோட இருக்கோம். அவனைத்தான் தவக்காலத்துல புதைச்சோம். அப்புறம் இந்தப் பையைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றார் அந்த மனிதர்.

இளம் டாக்டர் எழுந்து வந்தார். கோபக்காரர் இல்லை, எனக்காகத்தான் பதறினார்.

"மேடம், மணி அடிச்சாச்சு. நீங்க கிளம்பணும். அவர் நடிக்கிறார் மேடம், அடுத்தவங்களுக்கும் இதைத்தான் சொல்லுவார்."

"தெரியும் டாக்டர். ஆனா நான் நடிக்க வரலையே" என்றேன்.

பெலிக்ஸ் பக்கம் திரும்பி, தம்பியை இழந்தவருக்கு இந்தப் பையைப் பார்த்தால் கோபம் வருவது நியாயம்தான் என்றேன். தம்பிக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் இந்த மாத்திரையைச் சாப்பிடு என்று இனி சொல்ல மாட்டேன், இன்னொரு நாள் உட்கார்ந்து பேசுவோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை சரி டாக்டரம்மா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

கடைசி அறையில் டாக்டர் ஃபரெல் என்ற அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி, எதிரே ஒரு கடிகாரம். நான் உட்காரும்போது அதில் பாதி நேரம் போயிருந்தது. இந்த அறைக்கான கேள்வி ஊரறிந்தது. ஏன் மருத்துவம்? அதற்கு நான் ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று தயாரித்த பதில் ஒன்று இருந்தது. பார்மசியிலிருந்து மருத்துவத்துக்கு ஒரு பாலம் என்றெல்லாம் அதில் வரும்.

அந்த அம்மாள் அதைக் கேட்கவில்லை. ஏன் தாமதம் என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன், 'அடுத்து யாரு' என்றதையும் மறைக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"உங்க கடையில இப்படி யாரோடயாவது உக்காந்து பேசியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்."

"ஏன்?"

"அங்க முடியாது. அவர் பின்னாடி பத்துப் பேர் நிப்பாங்க, பத்துப் பேரும் கேப்பாங்க. அதுக்காகத்தான் இங்க வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்திருக்கீங்களா? பத்துப் பேரா? நூறு பேர் நிப்பாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

தயாரித்த பதிலில் இது இல்லை. யோசிக்கவும் நேரம் இல்லை.

"நிப்பாங்கதான். ஆனா உங்களுக்குக் கதவு இருக்கு டாக்டர். சாத்திக்கலாம்" என்றேன்.

மணி அடித்தது. இந்த முறை நான் உடனே எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நாள் கிடைத்துவிடும் என்று தோன்றும், மறுநாள் ஒரு தேர்வு அறையையே நாசம் பண்ணிவிட்டு வந்தவளுக்கு எவன் கொடுப்பான் என்று தோன்றும். ஆனால் எழுந்திருக்காமல் உட்கார்ந்ததை நினைத்து ஒரு நாளும் வருத்தப்படவில்லை. கம்பெனிக்காரன் ஆட்கள் வந்து அலமாரிகளை அளந்துகொண்டு போனார்கள். பழைய பெயர்ப்பலகையை இறக்கினார்கள். எனக்கு மாதக் கடைசிவரைதான் வேலை என்றார்கள். சினானன் கிளம்பும் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பைத்தியக்காரி. ஆனா நல்லாயிரு" என்றார். வருகிறவர்களெல்லாம் டாக்டரம்மா எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கல்லூரிக்கு என்று நிமிர்ந்தே சொன்னேன். கிடைக்காவிட்டால் ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், அடுத்த வருஷமும் போடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனில் செய்தி வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பார்மசி படித்ததற்காக ஒரு பாடம்கூடத் தள்ளுபடி கிடையாது, முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. கர்வமும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

அம்மா சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைக் கலாலுக் கீரைக் கூட்டுக்காகச் சேம்பு இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தி நிற்கவில்லை. எத்தனை வருஷம் என்று கேட்டாள். படிப்பு ஐந்து, அப்புறம் ஆஸ்பத்திரியில் பயிற்சி ஒன்று என்றேன். இன்னும் கொஞ்சம் இலையை நறுக்கினாள். திட்டப் போகிறாள் என்று நான் தயாராக நின்றேன்.

அவள் கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பாவாடையை முட்டிக்கு மேலே தூக்கினாள். இடது முட்டி பப்பாளிப் பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது. வலிக்குத் தடவும் மெழுகைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் பளபளத்தது.

"எப்போலேருந்தும்மா இது?"

"கார்னிவல் திருவிழாலேருந்து. மாசக்கணக்காச்சு."

ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா மாத்திரை குடுப்பே" என்றாள்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி இல்லாமல் அவள் என்னைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"கையை வெச்சுப் பாரு" என்றாள்.

"நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலியேம்மா."

"அப்ப ஆரம்பி."

தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அவள் முட்டியின் மேல் வைத்தேன். சூடாக இருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள்.